பாவாயி மேசைக்குக் கால் வச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு வேலிக்காரி இருந்தா. பேரு பாவாயி. படுத்துக்கிட்டே கேளு. எந்திரிச்சா கதை கிடையாது.

வேலிக்காரின்னா ஊர்ல இருக்கற தோட்டத்துக்கெல்லாம் வேலி கட்டறவ. முள்ளு வெட்டுவா, குச்சி நடுவா, கொடி போட்டு இறுக்கிக் கட்டுவா. அவ கட்டின வேலியில ஆடு பூந்து வராது, மாடு பூந்து வராது, காத்து வேணும்னா கேட்டுட்டுப் பூரும். அப்படிக் கட்டுவா.

ஒரு மழைக்காலம். அந்த ஊர்ப் பெரியதனக்காரர் சென்னியப்பன் தோட்டத்துக்கு வேலி கட்டிக்கிட்டு இருந்தா. வரப்பு ஈரம். கல்லு ஒண்ணு சரிஞ்சுது. தொபுக்கடீர்! பாவாயி கீழ, கல்லு மேல. வலது முட்டி போச்சு. வைத்தியர் வந்தாரு, கட்டுப் போட்டாரு, கட்டை அவுத்தாரு. காலு நேரா நின்னுது. ஆனா மடங்கல. அன்னியிலிருந்து மடங்கவே இல்ல.

ம் சொல்லு. சொல்லாட்டி தூங்கிட்டேன்னு நெனச்சு நிறுத்திருவேன்.

"ம்."

அப்புறம் என்னாச்சு? நடந்தா. இழுத்து இழுத்து நடந்தா. வேலியும் கட்டினா. நின்னுக்கிட்டே கட்டினா. யாருகிட்டயும் போயி அழல. எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான் சரியில்ல. பந்தி.

அந்த ஊர்ல யாரு வீட்டுல கல்யாணம் காதுகுத்துன்னாலும், மாரியம்மன் கோயில் களத்துலதான் விருந்து. தரையில பாயை விரிச்சு, எதிரும் புதிருமா ரெண்டு வரிசை. எல்லாரும் சம்மணம் போட்டு உக்காரணும். நடுவுல பரிமாறறவங்க ஓடுவாங்க. பாவாயி எப்படி உக்காருவா? காலை நீட்டினா நடுவழியில கிடக்கும். பருப்பு வாளி தூக்கிட்டு வர்றவன் தடுக்கி விழுவான். கொஞ்சம் சறுக்கினா எதிர்வரிசைக்காரர் எலையிலயே கால் படும். அன்னத்துல காலா? ஊரே கத்தும்.

அதனால என்ன பண்ணினாங்க தெரியுமா? "பாவாயி, நீ கடைசிப் பந்திக்கு வா"ன்னாங்க. கடைசிப் பந்தியில யாரு? யாரும் இல்ல. எலையைக் கையில குடுத்துருவாங்க. ஓரமா நின்னு தின்னுட்டுப் போகணும். சோறு ஆறிப் போயிருக்கும், வடை தீந்து போயிருக்கும், பாயசம் பாத்திரத்துல ஒட்டிக் கிடக்கும். ஒரு கையில எலை, ஒரு கையில சோறு. எப்படிப் பிசையறது? எதுல தொடைக்கிறது?

யாரு வேலி கட்டப் போயி முட்டி போச்சு? சென்னியப்பன் வேலி! அவரே முதப் பந்தியில முத எலையில உக்காந்துக்கிட்டு, "அவளுக்கென்ன, நின்னுக்கிட்டே சாப்புடுவா"ன்னு சொல்றாரு. இது நியாயமா? சொல்லு.

"இல்ல."

இல்லைல்ல? சரி, கேளு.

ஒரு விருந்துல இப்படித்தான் நின்னா. வாயில ஒரு கவளம் வச்சா. முழுங்க முடியல. எலையைச் சுருட்டி மாட்டுக்கு வச்சுட்டு வீட்டுக்கு வந்தா. வந்து, 'நான் என்ன ஆடா, நின்னுக்கிட்டே மேய? எனக்கு ஒரு மேசை வேணும். கட்டை மேல உக்காந்தா காலு பாட்டுக்கு மேசைக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கும். யாரு எலையிலயும் படாது. அப்புறம் எப்படிக் கடைசிப் பந்திம்பாங்கன்னு பாக்கறேன்'னு நெனச்சா.

தச்சர்கிட்டப் போகல. கையில அருவாள் இருக்கு, உளி இருக்கு, அடிக்கறதுக்குக் கட்டை இருக்கு. காத்துல சாஞ்ச வேப்பமரத்தை அறுத்தப்போ மிஞ்சின ஒரு பலகை வீட்டுல கிடந்துது. ஒரு ஓரத்துல பட்டை கூட உரிக்கல. அதைக் கழுவினா, தேச்சா, கவுத்துப் போட்டா. இரும்புக் கம்பியை அடுப்புல செவக்கச் செவக்கக் காச்சினா. நாலு மூலையிலயும் வச்சா. சொய்ய்ய்ங்! புகை கண்ணுல போச்சு. சொய்ய்ய்ங்! நாலு ஓட்டை. உளியால குடைஞ்சு அகலம் பண்ணினா. பலகை ஆச்சு. இனி கால்தான்.

கால்தானேன்னு நெனச்சுட்டா. அங்கதான் வந்துது வினை.

வீட்டுக்குப் பின்னால முருங்கை மரம். கிளையெல்லாம் நெட்டுக்கு நெட்டா, வழவழன்னு, பாக்க அழகா இருந்துது. 'சீவறதும் சுளுவு, அடிக்கறதும் சுளுவு'ன்னு நாலு கிளை வெட்டினா. நுனியைச் சீவினா. ஓட்டையில விட்டு அடிச்சா. பொத்து பொத்துன்னு இறங்கிருச்சு. நிமித்தி வச்சா. நின்னுது!

ஆத்திரத்துல இருந்தா பாரு, முருங்கையைப் பத்தித் தெரிஞ்சும் மறந்துட்டா. ஆத்திரம் வந்தா அப்படித்தான்.

அடுத்த விருந்து வந்துது. மேசையைத் தலையில வச்சு, காலை இழுத்து இழுத்துக் களத்துக்கு வந்தா. வரிசைக்குக் கடைசியில போட்டா. பந்தியைப் பாத்துக்கறவன் ராக்கியண்ணன். பெரியதனக்காரருக்கு மச்சான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்புள்ள பாவாயி, என்னது இது? கட்டிலா, பாடையா?"

"மேசைங்க. முதப் பந்தியில நானும் உக்காரப் போறேன்."

"அட, மேசையா! நல்லதாப் போச்சு போ. சோத்துக் குண்டா வைக்க எடமில்லாம இருந்தேன்."

சொல்லிக்கிட்டே ஆவி பறக்கற சோத்துக் குண்டாவைத் தூக்கி அது மேல வச்சான். டங்குன்னு வச்சான்.

மடக்!

ஒரு கால் போச்சு. மடக், மடக், மடக்! மிச்சக் காலும் போச்சு. குண்டா உருண்டுது. களமெல்லாம் சோறு. ஊரே சிரிச்சுது. "முருங்கைக் கொம்புல மேசை செஞ்சிருக்கா டோய்! இவளும் நொண்டி, இவ மேசையும் நொண்டி!"

குண்டாவை வச்சவன் யாரு? அவன்! பேச்சு வாங்கினது யாரு? இவ!

அன்னிக்கும் எலையைக் கையிலதான் குடுத்தாங்க. வாங்கிக்கல. பலகையை மட்டும் எடுத்துட்டு வந்துட்டா.

என்ன, சத்தத்தைக் காணோம்?

"ம்."

ம்.

'மெத்தான மரம்னுதானே ஒடிச்சீங்க? கெட்டியா வைக்கறேன் பாருங்க'ன்னு காட்டுக்குப் போயி நாலு கருவேலங்கட்டை வெட்டிட்டு வந்தா. காய்ஞ்ச கட்டை. இரும்பு மாதிரி. சீவினா அருவாள்தான் மழுங்குது. முள்ளு குத்திக் கையெல்லாம் ரத்தம். ஒண்ணு இப்படி வளைஞ்சிருக்கு, ஒண்ணு அப்படி முறுக்கிக்கிட்டு இருக்கு. ஒண்ணு காலை அகட்டிக்கிட்டு நிக்குது, சண்டைக்கு நிக்கற மாதிரி. அதை எப்படித் திருப்பி வச்சா எது எங்க ஊணும்னு பாத்துப் பாத்து, திருப்பித் திருப்பி வச்சு, ஓட்டையில விட்டு அடிச்சா. டொம்! டொம்! டொம்! மேல நீட்டிக்கிட்டு இருந்த நுனியைப் பொளந்து ஆப்பு அடிச்சா. நிமித்தினா. மேல ஏறி நின்னா. ஒரு முனகல் இல்ல. யானை ஏறினாலும் தாங்கும்.

அடுத்த விருந்து. தூக்கிட்டு வந்து போட்டா. ராக்கியண்ணன் குண்டாவோட வந்தான். வச்சான். ஒண்ணும் ஆகல. அழுத்திப் பாத்தான். ஆகல. மூஞ்சி சுருங்கிப் போச்சு. போயிப் பெரியதனக்காரர் காதுல ஓதினான்.

சென்னியப்பன் எந்திரிச்சு வந்தாரு. மேசையைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு, தரையில போட்டிருந்த தன் எலையைப் பாத்தாரு.

"பாவாயி, ஊர் எலையெல்லாம் தரையில இருக்குது. உன் எலை மட்டும் மானத்துலயா?"

"மானத்துல இல்லீங்கண்ணா. மேசை மேல."

"என் எலையை விட உசரமா ஒரு எலை இந்தக் களத்துல இருக்கக் கூடாது. அறு காலை."

"எவ்வளவுங்க?"

"ஒரு முழம்."

எல்லாரும் பாக்கறாங்க. பாவாயிக்குக் காதெல்லாம் சூடு. ஆனா முதப் பந்தி வேணும். ரம்பத்தை வாங்கினா. கர்ர் கர்ர், கர்ர் கர்ர். நாலு காலையும் அறுத்தா. கோணக் காலாச்சே! முழு நீளத்துல இருந்தப்போ ஒண்ணுக்கொண்ணு ஈடு குடுத்து நின்னுது. வெட்டினதும் ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. டொக்கு. டொக்கு. டொக்கு. அவ காலும் அடியில நுழையல. முட்டி இடிக்குது. சரின்னு பக்கவாட்டுல உக்காந்து எலையைப் போட்டா. சோறு விழுந்துது. டொக்கு. சாம்பார் விழுந்துது. டொக்கு! எலை சறுக்கிச்சு. சர்ர்ர்! அத்தனை சாம்பாரும் ராக்கியண்ணனோட வெள்ளை வேட்டியில.

"அய்யய்யோ, அன்னத்தைச் சிந்திட்டா! பாவி, அன்னத்தைச் சிந்திட்டா!"

அறுக்கச் சொன்னது யாரு? அதை யாராவது கேட்டாங்களா? கேக்கல. "போ, போயிக் கடைசிப் பந்திக்கு நில்லு"ன்னாங்க. பாவாயி மடங்காத காலை நறுக்குன்னு ஊணித் திரும்பி நடந்தா. அவ பல்லு நறநறன்னு கடிச்ச சத்தம் பந்தியில பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து தூங்கல. வாசல்ல நின்னு எதிர்த்தாப்புல இருக்கற வேலியை மொறைச்சுக்கிட்டே இருந்தா. அவ கட்டின வேலி. காத்து அடிக்குது, வேலி ஆடல. ஏன் ஆடல? நட்டிருக்கு. நட்ட குச்சி ஆடாது. நட்ட குச்சியை யாரும் முழம் வெட்டச் சொல்ல மாட்டாங்க.

'தச்சன் மேசையா செஞ்சேன், அதான் தப்பாப் போச்சு. வேலிக்காரி மேசையா செய்யறேன்'னு சொல்லிக்கிட்டா.

ஓடைக்கரையில ஒதிய மரம் நின்னுது. வேலிக்கு நடறதுக்கு அதுலதான் போத்து வெட்டுவா. போத்துன்னா தெரியுமா? பச்சைக் கிளையை ஆள் கை கனத்துக்கு வெட்டி அப்படியே மண்ணுல நடறது. நாலு போத்து வெட்டினா. அடி எது, நுனி எதுன்னு பாத்து அடையாளம் வச்சா. மாத்தி நட்டாப் பட்டுப் போயிரும். கைப்பழக்கம். மேசைக்குத்தானே, எதுக்கு அடியும் நுனியும்னு அவளுக்குத் தோணல. கை பாட்டுக்குப் பாத்து வச்சுது.

அப்புறம் கடப்பாறையை எடுத்துக்கிட்டுக் களத்துக்குப் போனா. வரிசை முடியற எடத்துல நாலு குழி. நங் நங் நங்! நாலு போத்தையும் நட்டா, மண்ணைத் தள்ளினா, கட்டையால குத்தினா. திம் திம் திம்! கருவேலங்காலைத் தட்டி எடுத்துட்டு, மேல அதே பலகையை வச்சு ஓட்டையில நுனியை நுழைச்சா. ஒதி மெத்தான கட்டையா, கச்சிதமாப் போயி உக்காந்துக்குச்சு. ஆப்பு அடிச்சா. ஆட்டிப் பாத்தா. ம்ஹூம். மலை மாதிரி நின்னுது.

ராக்கியண்ணன் அந்தப் பக்கமா வந்தான். "ஒதி பெருத்தா உத்தரம் ஆகுமா புள்ள?"ன்னு இளிச்சான்.

"உத்தரத்துக்கு யாருங்க கேட்டா? என் மேசைக்குக் காலாகும். உங்க நாக்கு எதுக்காவது ஆகுமான்னு முதல்ல பாருங்க."

ஏன் சிரிக்கறே? தூக்கம் வருதா, இல்லையா?

"வருது. சொல்லுங்க தாத்தா."

விருந்து வந்துது. மேசை நிக்குது. ராக்கியண்ணன் குண்டாவை வச்சான். ஒடியல. தள்ளினான். ஆடல. உசரத்தைப் பாத்தாங்க. முழங்கால் அளவுக்கு மேல ஒரு சாண், அவ்வளவுதான். நட்ட காலை அறுக்கச் சொல்லவும் முடியல. அவ கட்டையைப் போட்டு உக்காந்தா, காலை அடியில நீட்டினா, எலையைப் போட்டா. எல்லாம் சரியா இருந்துது. சொல்றதுக்கு ஒரு குறை இல்ல.

அப்போ சென்னியப்பன் வந்தாரு. சுத்திச் சுத்தி வந்தாரு. தொண்டையைச் செருமினாரு.

"மேசை எல்லாம் சரி. உன்னை முதப் பந்திக்கு யாரு கூப்பிட்டா?"



கேட்டியா! முதல்ல, காலு ஒடியுதுன்னாங்க. அப்புறம், காலு உசரம்னாங்க. அப்புறம், காலு ஆடுதுன்னாங்க. காலு காலுன்னு அவளை எத்தனை அலைய வச்சாங்க! காலா இவங்களுக்குக் குறை? காலே இல்ல. அவ உக்காரக் கூடாது. அவ்வளவுதான். பாவாயிக்கு அப்பத்தான் புரிஞ்சுது. கருவேல முள்ளு குத்தினப்போ வராத தண்ணி அப்போ கண்ணுல வந்துது. ஆனா கீழ விடல.

எந்திரிச்சா. எலையை மடிச்சா. "நீங்க கூப்பிடற வரைக்கும் இந்தக் களத்துல நான் ஒரு பருக்கை தொட மாட்டேன்"னா.

"அடுத்த விருந்துக்குள்ள இதைப் பிடுங்கிட்டுப் போயிரு."

"பிடுங்க மாட்டேன்."

போயிட்டா.

அப்புறம் மழை. சோன்னு பேய்ஞ்சுது. களத்துப் பக்கம் ஒருத்தரும் போகல. ஏரி நெறைஞ்சு, தவளை கத்தி, வெயில் வந்து, ஒரு கல்யாணமும் வந்துது. பாய் விரிக்கலாம்னு வந்தவங்க வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க.

மேசைக்கு எலை விட்டிருந்துது!

நாலு காலுலயும் துளிரு. பலகைக்கு அடியிலிருந்து கொத்துக் கொத்தாப் பச்சையா வெளிய எட்டிப் பாக்குது. பாவாயி அங்க வந்து பாத்தா. அவளும் இதை நெனச்சே பாக்கல. ஈர மண்ணுல பச்சைப் போத்தை அடி மாறாம நட்டா என்ன ஆகும்? வேலி நடற கைக்கு மேசை நடத் தெரியுமா? வேலியைத்தான் நட்டிருந்துது.

"பிடுங்குங்கடா!"ன்னாரு சென்னியப்பன்.

ராக்கியண்ணன் நாலு ஆளோட வந்து பிடிச்சான். "ஏலேலோ, ஐலசா!" ம்ஹூம். "ஐலசா!" அசையல. வேர் போயிருந்துது.

"வெட்டுங்கடா!"

ஒருத்தனும் கோடாலி தொடல. ஏன்னா அந்த ஊர்ல ஒரு சொல்லு உண்டு. வேர் பிடிச்ச போத்தை வெட்டினவன் தோட்டத்துல வேலி நிக்காதுன்னு. ராக்கியண்ணன் கையைப் பின்னால கட்டிக்கிட்டான். "எனக்குக் கத்திரித் தோட்டம் இருக்குதுங்க மாமா."

சென்னியப்பனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிப் போச்சு. தானே கோடாலியைத் தூக்கினாரு. ஓங்கினாரு.

அப்போ சரக் சரக்குன்னு ஒரு சத்தம். வரிசையிலிருந்து அவரைப் பெத்த ஆத்தா நல்லாயா எந்திரிச்சு வருது. ஒரு கையில தடி. ஒரு கையில தன் எலை. நேரா மேசைகிட்ட வந்து, எலையை அது மேல போட்டுது. கட்டையில உக்காந்துது. அப்பாடான்னு மூச்சு விட்டுது.

"ஆத்தா! நீ எதுக்கு இங்க வந்தே?"

"முட்டி வலிக்குதுடா. உங்கப்பன் இருந்த காலத்துலயிருந்து வலிக்குது. சொன்னா என்னையும் கடைசிப் பந்திக்குத் துரத்துவேன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்தேன். இப்போ வெட்டு. எனக்கும் சேத்து வெட்டு."

கோடாலி மெதுவாக் கீழ வந்துது.

பாவாயி எட்ட நின்னா. நல்லாயா கூப்பிட்டுது. "வா அம்மிணி, இந்தப் பக்கம் எடமிருக்குது."

"நீங்க உக்காருங்க ஆயா. உங்களுக்குத்தான் மேசை. நான் உக்கார மாட்டேன். என்னைக் கூப்பிட வேண்டியவரு கூப்பிடல."

"அப்படியா? சரி, அவ உக்காராம நான் சோத்துல கை வைக்கல."

ஊர்ல மூத்தது அது. அது ஒரு வாய் வைக்காம யாரும் தின்னக் கூடாது. சோறு ஆவி விடுது. வடை மணக்குது. எரநூறு பேரும் சென்னியப்பன் வாயைப் பாக்கறாங்க. மாப்பிள்ளைப் பையன் வயிறு கொர்ர்ருன்னுது.

அவரு துண்டை உதறினாரு. வேற எங்கயோ பாத்துக்கிட்டு, "ம்ம்... வா"ன்னாரு.

"யாருக்குங்க சொன்னீங்க? நாய்க்கா?"

மூஞ்சி செவந்து போச்சு. "பாவாயி, வா."

"எங்கீங்க? கடைசிப் பந்திக்கா?"

"ஏய், போதும்டா. கத்திச் சொல்லு, ஊருக்கே கேக்கட்டும்"னுது ஆத்தா.

சென்னியப்பன் கோடாலியைக் கீழ போட்டாரு. அவளைப் பாத்தாரு. அன்னிக்குத்தான் நேரா பாத்தாரு. "பாவாயி! என் வேலியிலதான் உன் முட்டி போச்சு. முதப் பந்திக்கு வந்து உக்காரு!"

பாவாயி வந்தா. மெதுவாத்தான் வந்தா. ஊரே காத்துக்கிட்டு இருக்கட்டும்னு இழுத்து இழுத்து வந்தா. நல்லாயா பக்கத்துல உக்காந்து, காலை அடியில நீட்டினா. துளிரு முட்டியில உரசிச்சு. எலையைப் போட்டாங்க. சோறு விழுந்துது, பருப்பு விழுந்துது. பிசைஞ்சு ஒரு வாய் வச்சா. மென்னா. ராக்கியண்ணன் வாளியோட பயந்துக்கிட்டே நின்னான்.

"ஏனுங்க ராக்கியண்ணா."

"என்ன புள்ள?"

"பருப்புல உப்பு பத்தலீங்க. போயி எடுத்துட்டு வாங்க."

ஓடினான். ஓடியே எடுத்துட்டு வந்தான். நின்னு தின்ன காலத்துல உப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? சொன்னா யாரு கேப்பா?

அவ்வளவுதான். அவ சாப்பிட்டு எந்திரிச்சா, கதையும் எலையை மடிச்சுது. நீ கண்ணை மூடு.